பாறையில் பதிந்த வண்டித்தடம் ரோமானியர் போட்டதுதானா?

சுவிட்சர்லாந்தில் ஒரு மலைப்பாதையில் நடந்தபோது பாறையில் இணையாக ஓடும் இரண்டு பள்ளங்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். உடன் வந்த வழிகாட்டி அதை ரோமானியர் காலத்து வண்டித்தடம் என்றிருக்கிறார். சற்று மேலே முழங்கால் உயரத்துக்கு நின்ற சுவர்களைக் காட்டி, அது அவர்களுடைய சத்திரம் என்றும் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் எதை வைத்துச் சொல்கிறார்கள், நம்பலாமா என்பது உங்கள் கேள்வி. எழுத்தில்லாத கல்லுக்கும் சுவருக்கும் எப்படி வயது சொல்வது என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். தடத்தை மட்டும் வைத்து ரோமானியச் சாலை என்றிருந்தால் அதை ஏற்க வேண்டாம். சுவரைப் பற்றிச் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் அதற்கும் சுவரின் தோற்றம் சான்றாகாது.

முதலில் தடம். இரும்புப் பட்டை போட்ட சக்கரம், அதன் அடியில் அரைபடும் மணல், ஓடும் தண்ணீர், உறைபனி ஆகிய நான்கும் சேர்ந்து சுண்ணாம்புப் பாறையை வேகமாகத் தின்றுவிடும். சரிவு அபாயமாக இருக்கும் இடங்களில் வண்டி பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க உளியால் வேண்டுமென்றே பள்ளம் வெட்டியதும் உண்டு. அத்தகைய இடங்களில் இரு பள்ளங்களுக்கும் நடுவே மாட்டின் குளம்பு பற்றிக்கொள்ளச் சிறு படிகளும் கொத்தியிருப்பார்கள். பள்ளம் மிக ஆழமாகி அச்சு தரையில் உரசத் தொடங்கினால் பக்கத்தில் புதுத் தடம் பிறக்கும். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் வுய்ட்பெஃப் என்ற ஊருக்கு மேலே இப்படிப் பல தடங்கள் அருகருகே கிடக்கின்றன. நெடுங்காலம் அவற்றை ரோமானியர் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். முறையாக ஆராய்ந்தபோது அவை இடைக்காலத்தின் பிற்பகுதியையும் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளையும் சேர்ந்தவை என்று தெரிந்தது. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை அளந்து காலம் சொல்வாரும் உண்டு. ஆல்ப்ஸ் தடங்கள் பலவற்றில் அது சுமார் 110 சென்டிமீட்டர். அதே அகலத்தில் மிகப் பிற்காலத்திலும் வண்டி செய்தார்கள் என்பதால் அந்த அளவு எதையும் நிரூபிப்பதில்லை. பாறைப் பள்ளத்துக்கு மண்ணடுக்கு கிடையாது. அடுக்கு இல்லாத இடத்தில் தொல்லியலாளருக்குப் பிடிமானம் மிகக் குறைவு.

ரோமானியச் சாலை என்றால் பெரிய கற்கள், அதன்மேல் சிறு கற்கள், அதன்மேல் காரை, உச்சியில் தளக்கல் என்று நான்கு அடுக்கு இருக்கும் எனப் பள்ளிப் புத்தகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை மலைமேல் தேடினால் ஏமாற்றம்தான். விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் கட்டடத் தளத்துக்குச் சொன்ன அடுக்குகளை 17ஆம் நூற்றாண்டில் நிக்கோலா பெர்ஜியே என்ற பிரெஞ்சு வழக்கறிஞர் சாலைக்குப் பொருத்திப் படித்தார். அந்தத் தவறு இன்றுவரை அச்சேறிக்கொண்டிருக்கிறது. மலையில் அகழ்ந்தால் பெரும்பாலும் கிடைப்பது கிராவல்தான். பள்ளத்தாக்குப் பக்கம் உலர்கல் தாங்குசுவர், மலைப்பக்கம் வடிகால், நடுவில் இறுகிய சரளை, அவ்வளவே. சமவெளியில் ஐந்தாறு மீட்டர் அகலம் இருந்த சாலை, கணவாய் நெருங்கும்போது மூன்று மூன்றரை மீட்டராகவும் அதற்குக் கீழும் சுருங்கிவிடும்.

சாலையின் வயதை உறுதியாகச் சொல்ல முடிந்த இடங்களும் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் திரோல் பகுதியில் லெர்மோஸ் என்ற ஊருக்கு அருகே சதுப்பு நிலம் ஒன்று உண்டு. ரோமானியரின் வியா கிளாடியா அகஸ்டா சாலை அதன் குறுக்கே போனது. சேற்றில் சரளை நிற்காது என்பதால் மரங்களை நீளவாக்கில் போட்டு, அவற்றின்மேல் குறுக்கே தடிகளை நெருக்கமாக அடுக்கி, அதற்கும் மேலே சரளை கொட்டியிருக்கிறார்கள். காற்றுப் புகாத சேற்றில் மரம் அழுகவில்லை. ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த மரங்கள் கி.பி. 46இல் வெட்டப்பட்டவை என்று வந்தது. இதே சாலைக்கு இரண்டு மைல்கற்களும் உண்டு. ஒன்று வட இத்தாலியில் மெரான் அருகே ராப்லாந்தில் கிடைத்தது, மற்றொன்று வடகிழக்கு இத்தாலியில் செசியோமஜோரேயில். ஆல்ப்ஸைப் போரில் திறந்தபின் தன் தந்தை துரூசஸ் வகுத்த சாலையைத் தான் அமைத்ததாகப் பேரரசர் கிளாடியஸ் அவற்றில் பொறித்திருக்கிறார். பட்டங்களைக் கொண்டு கணக்கிட்டால் கல்வெட்டுகளும் கி.பி. 46-47ஐத்தான் காட்டுகின்றன. கல்லும் மரமும் தனித்தனியாக ஒரே ஆண்டைச் சொல்வது அபூர்வம். இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் மர வளையக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால்தான் வெட்டிய ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும். செதுக்கிய மரமாக இருந்தால், 'இந்த ஆண்டுக்குப் பிறகு எப்போதோ' என்று மட்டுமே சொல்ல முடியும்.

மரமும் கல்வெட்டும் இல்லாத கணவாய்களில் மிகவும் கைகொடுப்பவை செருப்பாணிகள். ரோமானியப் படைவீரரும் சுமைகாரரும் அணிந்த தோல் செருப்பின் அடியில் வரிசை வரிசையாக இரும்பாணி அடித்திருப்பார்கள். நடக்க நடக்க அவை ஒவ்வொன்றாக உதிரும். ஜூலியஸ் சீசர், முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆகியோர் காலத்து ஆணிகளின் தலை பெரியது. தலையின் அடிப்பக்கத்தில் சிலுவைக் கோடும் புள்ளிகளும் அச்சாகியிருக்கும். பிற்கால ஆணிகள் சிறியவை, குறியில்லாதவை. ஓர் ஆணி கிடைத்தால் அதற்குப் பொருள் இல்லை. ஐம்பது ஆணிகள் ஒரே கோட்டில் கிடைத்தால் அந்தக் கோடுதான் பாதை. அதனால் ஒவ்வோர் ஆணியும் கிடைத்த இடத்தை ஜிபிஎஸ் கொண்டு குறிப்பது, ஆணியை எடுப்பதைவிட முக்கியமான வேலை. ஆணியால் அடித்த குதிரை லாடம் கிடைத்தால் இடைக்காலம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ரோமானியர் குளம்புக்கு வாரால் கட்டும் இரும்புக் காலணியைப் பயன்படுத்தினார்கள். கிழக்கு சுவிட்சர்லாந்தின் செப்டிமர் கணவாயில் படைமுகாம் ஒன்றே கிடைத்திருக்கிறது. அங்கே எடுத்த ஈயக் கவண்குண்டுகளில் 3, 10, 12ஆம் படையணிகளின் முத்திரை இருக்கிறது. அகஸ்டஸ் காலப் படையெடுப்போடு அவை பொருந்துகின்றன. 2023இல் அதே பகுதியில் கோல்ம் லா ருங்கா என்ற உயரத்தில் இன்னொரு முகாம் லைடார் படத்தில் தென்பட்டது. வானிலிருந்து லேசர் கொண்டு அளந்து, மரத்தையும் புதரையும் நீக்கி நிலத்தின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும் படம் அது. லைடார் எங்கே தோண்டலாம் என்று சொல்லும். எந்தக் காலம் என்று சொல்லாது.

பாறையில் வெட்டிய சாலைகளில் ஐயத்துக்கு இடம் கொடுக்காதது இத்தாலியின் அவோஸ்டா பள்ளத்தாக்கில் தோனாஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே 221 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் வெட்டிய முகம் சுமார் 13 மீட்டர் உயரம் நிற்கிறது. நடுவே பாறையை முழுதும் அகற்றாமல் வளைவு வாயிலாக விட்டிருக்கிறார்கள். அவோஸ்டாவிலிருந்து 36 மைல் என்று சொல்லும் மைல்கல்லும் அங்கே உண்டு. அது கொண்டுவந்து நட்ட கல் அல்ல, அதே பாறையில் செதுக்கிய தூண். அதை யாரும் பெயர்த்துப் போக முடியாது, சாலையை வெட்டாமல் அதைச் செதுக்கியிருக்கவும் முடியாது. நட்ட மைல்கற்களுக்கு இந்த உறுதி இல்லை. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையிலான கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய்க்குப் போகும் வழியில், சுவிஸ் பக்கம் பூர்-சான்-பியேர் ஊரில் நிற்கும் மைல்கல், அடிவாரத்து மார்த்தினி நகரிலிருந்து 24 ரோமன் மைல் என்கிறது. ஒரு ரோமன் மைல் ஏறத்தாழ 1.48 கிலோமீட்டர், ஆக 35 கிலோமீட்டருக்கு மேல். இன்றைய சாலையில் அளந்தாலே அந்த ஊர் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. கல் மேலேயிருந்து கீழே வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம். நல்ல வடிவான கல்லை யாரும் சும்மா விட்டு வைப்பதில்லை.

இனி சத்திரம். நம் மனத்தில் சத்திரம் என்றால் வழிப்போக்கர் யார் வந்தாலும் இடம் தரும் அறக்கட்டளை. ரோமானிய அரசுச் சாலைகளில் இருந்த மான்சியோ அதுவல்ல. அரசு அனுமதிச் சீட்டு வைத்திருந்த தூதரும் அதிகாரியும் தங்க, வண்டியும் விலங்கும் பெற ஏற்பட்டது அது. பழைய டிராவலர்ஸ் பங்களாவை நினைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். விலங்கு மாற்ற மட்டும் இருந்த சிறு நிலையம் முத்தாசியோ. சொந்தக் காசில் போனவர்களுக்குத் தனியார் விடுதிகள் இருந்தன. அரசே இவற்றைக் கட்டியது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. இன்றைய பல்கேரியாவில், கி.பி. 61ஐச் சேர்ந்த கல்வெட்டு, படைச்சாலைகளில் விடுதிகளும் அதிகாரிகள் தங்கும் மனைகளும் கட்டப் பேரரசர் நீரோ ஆணையிட்டதாகச் சொல்கிறது.

ஆனால் தனிப்பட்ட ஓர் இடிபாட்டின் வாசலில் 'இது மான்சியோ' என்று எழுதியிருப்பது மிக அரிது. ஆகவே மூன்று பக்கத்திலிருந்து நெருக்குவார்கள். பழைய வழிப்பட்டியல்களில் அந்தத் தூரத்தில் நிலையம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறதா, கட்டடம் சாலையை ஒட்டி அதைப் பார்த்து நிற்கிறதா, உள்ளே கிடைப்பவை வந்துபோனவர்களைக் காட்டுகின்றனவா. இந்த மூன்றும் கூடினால்தான் பெயர் வைக்கலாம். கி.பி. 333இல் பிரான்ஸின் போர்தோவிலிருந்து எருசலேம் சென்ற ஒரு பயணியின் பட்டியல் இதற்கு அருமையான ஆவணம். பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் இடையிலான மோன்ஜெனேவ்ர் கணவாயில் ஏறி இறங்கும்போது எது மான்சியோ, எது முத்தாசியோ, இடையில் எத்தனை மைல் என்று ஒவ்வொன்றாக அதில் இருக்கிறது. பிரியான்சோன் மான்சியோவிலிருந்து ஏறி இறங்கிய பின் முதலில் வருவது விலங்கு மாற்றும் நிலையம்தான், அடுத்த மான்சியோ அதற்கும் 9 மைல் தள்ளி.

பட்டியல்களும் தவறும். அவோஸ்டாவிலிருந்து கிரேட் செயின்ட் பெர்னார்ட் உச்சிக்கு, ரோமானியச் சாலைகளின் தூரங்களைத் தொகுத்த அந்தோனைன் வழிப்பட்டியல் 25 மைல் என்கிறது. ரோமானியச் சாலைகளைக் காட்டும் பியூட்டிங்கர் வரைபடத்திலோ அவோஸ்டாவிலிருந்து எயுத்ராசினும் என்ற நிலையம் 25, அங்கிருந்து உச்சி 13, மொத்தம் 38. உண்மைத் தூரம் 35 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் முதல் கணக்கு நிலத்தோடு ஒத்துப்போகிறது. இரண்டாவதில் படியெடுத்தவர் கை பிசகியிருக்கிறது. நம்மிடம் இருப்பது மூல வரைபடம் அல்ல, இடைக்காலப் படி. அதற்காக எயுத்ராசினும் என்ற நிலையமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவோஸ்டா 580 மீட்டர் உயரத்திலும் கணவாய் 2469 மீட்டரிலும் இருக்கின்றன. கிட்டத்தட்ட 1900 மீட்டர் ஏற்றத்தை ஒரே மூச்சில் விலங்குகளோடு கடப்பது கடினம். வழியில் ஒரு நிலையம் இருந்தாக வேண்டும். அது எந்த ஊர் என்பதில்தான் கருத்து வேறுபாடு. மலைச் சாலையில் உச்சி நிலையத்தைவிட அடிவார நிலையம் பெரிதாக இருப்பது இயல்பு. கூடுதல் விலங்குகளும் தீவனமும் அங்கேதான் வேண்டும்.

கட்டடத்தில் கவனிக்க வேண்டியவை: வண்டி நுழையும் அகலத்தில் வாயில், முற்றம் அல்லது நடைக்கூடம், ஒரே அளவில் வரிசையாகச் சிறு அறைகள், தரைக்கடியில் சூடான காற்று ஓடும் ஓர் அறை, தொழுவம். இவை பண்ணை வீட்டிலும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். மரமே வளராத உயரத்தில் பண்ணை வீடு இருக்க வழியில்லை என்பது கணவாய் உச்சியில் நமக்குச் சாதகம். தொழுவத்தை உறுதி செய்யத் தரை மண்ணை எடுத்துப் பாஸ்பேட் அளவு பார்ப்பார்கள். சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணில் அது ஏறியிருக்கும். சுட்ட ஓடும் நல்ல சான்று. தட்டையான ரோமானியக் கூரை ஓடு ஒன்று சுமார் 8 முதல் 10 கிலோ. நூறு சதுர மீட்டர் கூரைக்கு ஆறு டன் அளவுக்கு ஓடு வேண்டும். கோவேறு கழுதை ஒன்று 130 கிலோ சுமக்கும் என்று வைத்தால் கூரைக்கு மட்டும் ஏறத்தாழ நாற்பத்தாறு நடை. அதற்குமேல் விறகு, அதுவும் கீழேயிருந்துதான் வர வேண்டும். இவ்வளவு செலவை ஒரு தனி மனிதர் ஏற்றிருப்பார் என்று நம்புவது கடினம். அரசோ ராணுவமோ பின்னால் இருந்திருக்க வேண்டும். இது நேரடிச் சான்று அல்ல, ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம்.

எல்லாச் சான்றும் ஒன்றுகூடி நிற்கும் இடம் கிரேட் செயின்ட் பெர்னார்ட் உச்சியில் ஜூபிடர் மேடு என்று வழங்கும் சமதளம். பாறையில் வெட்டிய சாலை, இரண்டு தங்குமனைகள், சுமார் 11க்கு 7 மீட்டர் அளவில் சிறு கோயில். போயனினஸ் என்ற மலைத்தெய்வத்தை ரோமானியர் ஜூபிடரோடு சேர்த்து வழிபட்டார்கள். பூனிக்கர் என்ற கார்த்தேஜ்காரர், ரோமோடு போரிட்ட தங்கள் தளபதி ஹன்னிபாலோடு இந்த வழியாக வந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்று அந்நாளிலேயே கதை கட்டினார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி அதை மறுத்து, உச்சியில் கோயில் கொண்ட தெய்வத்தின் பெயரே இது என்றார். கோயிலைச் சுற்றி ரோமானியருக்கு முந்தைய கெல்ட்டியக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்தன. சாலை போடும் முன்பே மக்கள் காணிக்கை போட்டுக் கடந்திருக்கிறார்கள். சுமார் ஐம்பது வெண்கலப் பட்டயங்களும் கிடைத்தன. கையகலத் தகடு, இரு பக்கமும் முக்கோணக் காது, காதில் ஆணித் துளை. கோயில் சுவரில் அறைந்த நேர்த்திக்கடன் தகடுகள் அவை. ஒன்றில் கயஸ் ஜூலியஸ் பிரிமஸ் என்பவர் 'போனதற்கும் திரும்பி வந்ததற்கும்' நேர்ந்ததைச் செலுத்தியதாக எழுதியிருக்கிறார். வாசலில் நின்று 'போயிட்டு வரேன்' என்று சொல்லி வளர்ந்த நமக்கு அந்த வரியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று ஹெல்வெட்டிய நாட்டு (இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதி) அடிமை வியாபாரி ஒருவருடையது. அந்த வழியாக நடத்தி வரப்பட்டவர்களுக்குத் தகடு எதுவும் இல்லை. இந்தக் கணவாயை யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்கும்போது அதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

வண்டி போனதா என்ற கேள்விக்குப் பதில் கணவாய்க்குக் கணவாய் மாறும். அகஸ்டஸ் காலத்தில் போயனினஸ் வழியில், அதாவது கிரேட் செயின்ட் பெர்னார்டில், வண்டி போகாது என்றும், லிட்டில் செயின்ட் பெர்னார்ட் வழியில் பெரும்பகுதி போகும் என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். முன்னதைக் கிளாடியஸ் பிறகு அகலப்படுத்தினார். பனி உருகும் வசந்தத்திலும் குளிர்காலத்திலும் நடக்கும் பயணத்தை ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ் 4ஆம் நூற்றாண்டில் விவரிக்கிறார். வசந்தத்தில், இறக்கத்தில் வண்டிகளைப் பெரிய கயிறுகளால் பிணைத்து ஆட்களோ எருதுகளோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பார்களாம். குளிர்காலத்தில் பாதை தெரிய ஊர்க்காரர்கள் மரக்கம்பு நட்டு வைப்பார்களாம், கம்பும் பனியில் மூழ்கினால் அவர்களே வழிகாட்டுவார்களாம். கயிறும் கம்பும் அகழ்வில் கிடைப்பதில்லை. மண்ணில் மிஞ்சுவது கல்லும் இரும்பும் ஓடும் மட்டுமே என்பதால், தோண்டி எடுத்ததை மட்டும் வைத்துப் பயணத்தைக் கற்பனை செய்தால் பாதி விட்டுப்போகும்.

பிழை எங்கே நுழையும் என்பதையும் சொல்ல வேண்டும். கணவாயில் மண் மெல்லியது. ஈராயிரம் ஆண்டு வரலாறு ஒரு சாண் தடிமனில் கலந்து கிடக்கும். உறைபனி மண்ணை உயர்த்தி இறக்கி, சிறு பொருள்களை மேலும் கீழும் சரிவிலும் நகர்த்திவிடும். ஆகவே ஒரு காசு எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதற்குச் சமவெளியில் இருக்கும் மதிப்பு இங்கே இல்லை. வெண்கலக் காசுகள் அச்சிட்ட பின் பல பத்தாண்டுகள் கைமாறின, காசு அதிகம் இருந்தால் போக்குவரத்து அதிகம் என்றும் பொருள் அல்ல, காணிக்கை வழக்கம் பெருகியிருக்கலாம். கரித்துண்டைக் கார்பன் முறையில் சோதித்தால் மரம் வளர்ந்த காலம்தான் வரும். முந்நூறு வயது மரத்தின் நடுத்தண்டை எரித்திருந்தால் விடை முந்நூறு ஆண்டு முன்னே போய்விடும். ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் தோண்ட முடியும் என்பதால் ஓர் இடத்தை முழுதாக அகழ்வது கடினம்.

காசு சாலைக்குச் சான்றாகாது என்பதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே கொங்கு நாட்டில், வெள்ளலூரிலும் கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்தன. அந்த வழியில் வணிகம் நடந்தது உறுதி. ரோமானியர் அங்கே சாலை போட்டதாக யாரும் சொல்வதில்லை.

நீங்கள் பார்த்த இடத்துக்கு வருகிறேன். அந்தச் சுவரைப் பற்றி அந்த சுவிஸ் மாநிலத்தின் தொல்லியல் துறைக்கு எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்: அகழ்ந்த ஆண்டு எது, சுவரோடு சேர்ந்த அடுக்கில் என்ன கிடைத்தது, அந்த இடம் எந்த வழிப்பட்டியலோடு பொருத்தப்படுகிறது. பானை ஓடும் கூரை ஓடும் ரோமானியம் என்று பதில் வந்தால் சுவர் ரோமானியக் கட்டடம். வழிப்பட்டியல் தூரமும் பொருந்தினால் மான்சியோ என்பது ஏற்கத்தக்கது. தடத்தின் காலம் அதோடு தானாக முடிவாகாது, ஒரே வழியை அடுத்தடுத்த நூற்றாண்டுகளும் பயன்படுத்தியிருக்கும். அடுத்த முறை போகும்போது பாதையில் துருப்பிடித்த ஆணி கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே ஓர் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இருப்பிடம் குறித்து அதே துறைக்கு அனுப்புங்கள். சுவிஸ் சட்டப்படி ஆய்வு மதிப்புள்ள தொல்பொருள் அந்த மாநிலத்துக்குச் சொந்தம்.